பதில் இல்லையென்றால் சம்மதம்

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. அது அடையாள அட்டையோடு சரி, அலுவலகத்தில் ஒருத்தர் வாயிலும் கிடையாது. தண்ணீர் சுடவைக்கிற கீசர் செய்து விற்கும் அந்தக் கம்பெனியில், வாசல் காவலாளி முதல் மேல்மாடி அதிகாரி வரை எல்லோருக்கும் அவர் பத்துநாளார். முகத்துக்கு நேரே 'சார்', முதுகுக்குப் பின்னால் 'பத்துநாளார்', வயிறு எரிந்தால் 'அந்தப் பத்துநாள் பாவி'. மூன்றுக்கும் அவர் திரும்பிப் பார்ப்பார். கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஆரம்பத்தில் அவர் கோப்பு அறைக்காரர். ஜன்னல் இல்லாத அறை, தூசி, இருமல், ஒரு சாவிக்கொத்து. இருபது வருஷம் அங்கே இருந்தார். யாராவது கதவைத் தட்டினால் கோப்புக்காகத்தான் தட்டுவார்கள், அவருக்காக ஒருவரும் தட்டியதில்லை. பிறகு காகிதமெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போனது, கோப்பு அறையை இடித்துக் கண்ணாடி வைத்த கூட்ட அறை கட்டினார்கள். இந்த மனுஷனை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. சும்மா கிடந்த ஒரு வேலையைத் தூக்கி அவர் தலையில் கட்டினார்கள்.

அது என்ன வேலை என்றால், கம்பெனி முழுக்கப் பேசிக்கொள்வதற்கு என்று ஒரு செயலி வாங்கிப் போட்டிருந்தார்கள். அதில் யார் வேண்டுமானாலும் குரூப் தொடங்கலாம், ஆள் சேர்க்கலாம், படம், கணக்கு, கோப்பு என்று எதையும் போட்டு வைக்கலாம். சும்மா கிடைத்தால் விடுவார்களா? ஒரு கீசர் மாடலுக்கு ஒரு குரூப், அந்த மாடலைத் திட்டுவதற்கு ஒரு குரூப், பிறந்தநாள் கேக் வாங்க ஒரு குரூப், பிறந்தநாள்காரருக்குத் தெரியாமல் கேக் வாங்க இன்னொரு குரூப். தொடங்கினவர் வேலையை விட்டுப் போயிருப்பார், குரூப் மட்டும் கேட்பாரற்றுக் கிடக்கும். ஏதோ வேலைக்காக வெளி ஆள் ஒருவரை உள்ளே சேர்த்திருப்பார்கள், வேலை முடிந்த பிறகும் அவர் நகராமல் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டிருப்பார். இதையெல்லாம் பார்த்துத் தலைமை அலுவலகம் 'ஒழுங்கு மதிப்பெண்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. குரூப்புக்கு ஓனர் இருக்கிறாரா, கடைசியாக எப்போது யார் பேசினார்கள், வெளி ஆள் இருக்கிறாரா என்று கூட்டிக் கழித்து நூற்றுக்கு ஒரு எண். தொண்ணூறைத் தொட்டால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. தேநீர் இயந்திரத்துக்கு மேலே பெரிய திரை வைத்து அந்த எண்ணை ஓடவிட்டார்கள்.

அந்த எண்ணைக் காப்பாற்றுவதுதான் நம்மவர் வேலை. அதற்கு அவர் ஒரு விதி எழுதினார். தூங்குகிற குரூப்பின் ஓனருக்குச் செயலியிலேயே ஒரு அறிவிப்பு போகும். 'இது இன்னும் வேண்டுமா?' பத்து நாள் கெடு. பதில் வந்தால் பிழைக்கும். பதில் இல்லையென்றால் சம்மதம், குரூப் நீக்கப்படும். எழுதி, தடித்த எழுத்தில் அச்சடித்து, தன் மேஜைக்கு மேலே ஒட்டிவைத்துக்கொண்டார். அன்றையிலிருந்து ஜனங்கள் அவரைத் தேடி வந்தார்கள். அடேயப்பா, எத்தனை பேர்! பெரிய பெரிய பதவிக்காரர்கள் எல்லாம் அவர் மேஜை முன்னால் நின்று, "சார், லீவுல இருந்தேன் சார்", "சார், அந்த அறிவிப்பு கண்ணுல படல சார்" என்று கைபிசைந்தார்கள். அவர் தேநீரை ஒரு வாய் உறிஞ்சி வைத்துவிட்டு, சுவரைக் காட்டுவார். சும்மா சொல்லக்கூடாது, கோப்பு அறையில் இருபது வருஷம் விழுங்கின தூசிக்கு எல்லாம் சேர்த்து வசூல் பண்ணிக்கொண்டிருந்தார் மனுஷர்.

அவருக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. வீட்டில் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்ண வேண்டும், இல்லாவிட்டால் கால் வீங்கி, மூச்சு முட்டி, கதை முடிந்தது. அந்தச் செலவு முழுக்கக் கம்பெனி கொடுத்த மருத்துவ அட்டையில் ஓடிக்கொண்டிருந்தது. வேலை இருக்கும்வரை அட்டை, அட்டை இருக்கும்வரை அவள். இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

"ஏங்க, உங்க மெஷின் இன்னைக்கு எத்தனை மார்க் வாங்கிச்சு?" என்று அவள் தினமும் கேட்பாள். தண்ணீர் அதிகம் குடிக்கக்கூடாது என்பதால் ஒரு பனிக்கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு கேட்பாள்.

"தொண்ணூத்தி ஒண்ணு."

"என் மெஷின்ல நான் பாஸ். உங்க மெஷின்ல நீங்க பாஸ். அப்புறமென்ன கவலை, பத்துநாளாரே!"

வீட்டிலும் அந்தப் பெயர்தான். அவள் சொல்லும்போது மட்டும் அது அவருக்குச் செல்லப்பெயராகக் கேட்கும்.

அவருடைய மேலாளர் வயதில் சின்னவர். காரியம் ஆகவேண்டுமென்றால் 'அண்ணே', ஆகவேண்டாமென்றால் 'மிஸ்டர்'. அந்த வருஷம் அவர் 'அண்ணே' என்றுதான் தொடங்கினார். "அண்ணே, தொண்ணூறுக்குக் கீழே ஒரு தடவை இறங்கினா, இப்படி ஒரு போஸ்ட் எதுக்குன்னு மேல கேப்பாங்க. அண்ணி உடம்பை நினைச்சுத்தான் சொல்றேன்." பார்த்தீர்களா, எவ்வளவு அக்கறை!

அந்த வாரம்தான் புகாரம்மா வந்தாள்.

வாடிக்கையாளர் புகார் பிரிவில் இருந்தவள், அதனால் அந்தப் பெயர். அப்பெண்டிக்ஸ் வெடித்து, வயிற்றைக் கிழித்துத் தைத்து, அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். வயிற்றில் கையை வைத்து அழுத்தியபடி, மேஜை மேஜையாகப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள்.

"சார், என் குரூப்பைக் காணோம்."

"பத்து நாள் கொடுத்தேனேம்மா."

"ஆஸ்பத்திரியில கிடந்தேன் சார்."

"போன் கையில இருந்திருக்குமே."

"மயக்கத்துல இருந்தேன் சார்!"

"மயக்கத்துக்கெல்லாம் விதியில இடம் இல்லம்மா" என்று சொல்லிவிட்டுச் சுவரைக் காட்டினார்.

அவள் சுவரைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்தாள். விஷயம் இதுதான். ஒரு மாடலின் வால்வு சரியில்லை, நீராவி அடைக்கிறது, உற்பத்தியை நிறுத்துங்கள் என்று அவள் அந்தக் குரூப்பில் வருஷக்கணக்காக எழுதிவந்தாள், படத்தோடு, தேதியோடு. தொழிற்சாலைக்காரர்கள் வாசித்ததாகக் குறி விழும், பதில் வராது. எழுதுகிறவள் அவள் ஒருத்திதான், அவள் படுத்ததும் குரூப்பும் தூங்கிப்போனது. கடைசியில் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, ஒரு வீட்டில் அந்த வால்வு வெடித்து மெக்கானிக் ஒருவனின் முகம் வெந்துபோனது. யார் எச்சரித்தார்கள், யார் எச்சரிக்கவில்லை என்று விசாரணை நடந்துகொண்டிருந்தது. எச்சரிக்கவேண்டியது புகார்ப் பிரிவின் வேலை.

"சார், நான் எழுதினது எல்லாம் அதுலதான் இருக்கு. அது இல்லைன்னா அந்தப் பையன் மூஞ்சி வெந்ததுக்கு நான்தான் காரணம்னு முடிச்சிடுவாங்க. எப்படியாவது திரும்ப எடுத்துக் குடுங்க சார். உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

"போனது போனதுதான்மா. ஒண்ணும் பண்ண முடியாது."

பொய். வாய் கூசாத பொய். நீக்கின எதுவும் உடனே போய்விடுவதில்லை, முப்பது நாள் செயலிக்குள்ளேயே ஒரு குப்பைத் தொட்டியில் கிடக்கும். தொட்டியைத் திறந்து, பெயரைத் தொட்டு, 'மீட்டெடு' என்று அழுத்தினால் முடிந்தது, தேநீர் ஆறுவதற்குள் ஆகிவிடும். அந்தத் தொட்டி அட்மின்களின் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும், அந்த இடத்தில் அட்மின் அவர் ஒருவர்தான். ஆனால் மீட்டெடுத்தால் 'தவறாக நீக்கியது' என்று கணக்கில் ஏறும், மதிப்பெண் இறங்கும். அன்று திரையில் சரியாகத் தொண்ணூறு ஓடிக்கொண்டிருந்தது. தலைமை அலுவலகம் பார்க்க வருகிற வாரம் வேறு.

அவள் அவர் மேஜை முன்னால் அழுதுகொண்டு நின்ற நேரம் முழுக்க, அவர் கம்ப்யூட்டரில் அந்தத் தொட்டி திறந்தே இருந்தது. அவள் குரூப்பின் பெயர் மேலிருந்து மூன்றாவதாக இருந்தது. அவர் திரையைத் தன் பக்கமாகக் கொஞ்சம் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னார். எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிடுவார், அது அவர் வழக்கம்.

"பாவம்ங்க. வயித்துத் தையலோட வந்திருக்கா. எடுத்துக் குடுத்தாத்தான் என்ன?"

"எடுத்துக் குடுத்தா மார்க் இறங்கும். மார்க் இறங்கினா என் வேலை போகும். என் வேலை போனா உன் கார்டு என்ன ஆகும்?"

அவள் வாயிலிருந்த பனிக்கட்டியை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினாள்.

புகாரம்மா எச்சரித்ததற்கு ஆதாரம் இல்லை என்று விசாரணை முடிந்தது. அவளைக் கிடங்குக்கு மாற்றினார்கள், சம்பளத்தையும் குறைத்தார்கள். வெந்துபோன அந்தப் பையனின் அம்மா கிடங்கு வாசலுக்கே வந்து, "என் பிள்ளை மூஞ்சியைத் தின்னவளே!" என்று மண்ணை வாரி இறைத்துவிட்டுப் போனாளாம். அதையும் யாரோ ஒரு குரூப்பில் படம் எடுத்துப் போட்டார்கள். அந்தக் குரூப்புக்கு ஓனர் இருந்தார், நேற்றுவரை பேச்சும் இருந்தது. எனவே ஒழுங்கான குரூப், அதன்மேல் நடவடிக்கை எடுக்க ஒன்றும் இல்லை.

இனி நம்மவர் கதைக்கு வருவோம். தூங்குகிற குரூப்பை எல்லாம் தீர்த்துக்கட்டிய பிறகும் மதிப்பெண் ஏற மறுத்தது. காரணம், அனாதைக் குரூப்புகள். அவற்றில் தினமும் பேச்சு நடக்கும், ஓனர் மட்டும் இருக்கமாட்டார். உயிரோடு இருக்கிறதை நீக்கவும் முடியாது. நியாயமாகப் பார்த்தால் ஒவ்வொரு குரூப்பாகப் போய், உள்ளே இருப்பவர்களோடு பேசி, ஒருவரைப் பொறுப்பேற்க வைத்து, வெளி ஆட்களைச் சரிபார்க்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். போய்க் கேட்டார். "ஐயோ, ஆளை விடுங்க சார்" என்று எல்லோரும் ஓடினார்கள். ஓனர் என்ற பெயரையே வெறுக்க வைத்தது அவர்தானே, வேறு என்ன செய்வார்கள்?

மேலாளர் செயலியிலேயே ஒரு வரி எழுதினார். 'அண்ணே, எல்லாத்துக்கும் உங்க பேரைப் போட்டுடுங்க. ஏதாவது வந்தா நான் பார்த்துக்கறேன்.'

பத்துநாளார் ஒரே மத்தியானத்தில் கம்பெனியிலிருந்த அத்தனை அனாதைக் குரூப்புக்கும் ஓனர் ஆனார். மதிப்பெண் தொண்ணூற்றாறுக்குத் தாவியது. மேலாளருக்குத் தலைமை அலுவலகத்தில் மேடையேற்றிக் கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். திரும்பி வந்து தன் கையாலேயே ஒரு தேநீர் பிடித்துப் பத்துநாளாரிடம் நீட்டினார்.

ஓனர் என்றால் சும்மா இல்லை. ஒவ்வொரு குரூப்புக்கும் மாதாமாதம் செயலி ஓனரைக் கேட்கும். 'இந்த வெளி ஆட்கள் இன்னும் வேண்டுமா?' பதில் இல்லையென்றால் அதற்கும் சம்மதம்தான், ஆள் உள்ளேயே இருப்பார். நூற்றுக்கணக்கான குரூப்புக்கு நூற்றுக்கணக்கான கேள்வி வந்து குவிந்தது. எத்தனை பேரிடம் "அறிவிப்பைப் பார்க்கமாட்டீங்களா?" என்று எகிறியிருப்பார்! அவரும் பார்க்கவில்லை.

அப்படி ஒரு குரூப்பில் பழைய விற்பனை முகவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எப்போதோ போட்டிக் கம்பெனிக்கு மாறிவிட்டவர். பெரிய ஹோட்டல் ஒன்றுக்குக் கீசர் போட இவர்கள் என்ன விலை சொல்லப்போகிறார்கள் என்பதை உள்ளே இருந்தபடியே வாசித்து, அதைவிடக் கொஞ்சம் குறைத்துச் சொல்லி ஆர்டரைத் தட்டிக்கொண்டு போனார். குரூப்பின் ஓனர் யார் என்று தேடினார்கள். தேட என்ன இருக்கிறது? பெயர்தான் கொட்டை எழுத்தில் இருக்கிறதே.

விசாரணை என்றவுடனே அந்த ஆளின் செயலிக் கணக்கைப் பூட்டிவிட வேண்டும் என்று இன்னொரு விதி இருந்தது. அதை எழுதியதும் அவர்தான். பூட்டினார்கள். கூப்பிடும்வரை வீட்டில் இருங்கள் என்றார்கள். பதறிப்போய் மேலாளருக்குப் போன் போட்டார்.

"ஒண்ணும் ஆகாது அண்ணே. நீங்க எங்கேயும் போய் வாயைத் திறக்காதீங்க. பேசாம இருங்க, நான் பார்த்துக்கறேன்."

பேசாமல் இருந்தார். விளக்கம் கேட்டு அறிவிப்பு வரும், தபாலில் வரும், இல்லை ஆள் மூலம் வரும் என்று காத்திருந்தார். அது செயலியில் வந்தது, பூட்டிக்கிடந்த அவர் கணக்குக்குள்ளேயே போய் விழுந்தது. கெடு, கேட்கவே வேண்டாம், பத்து நாள். பதினோராம் நாள் ஆள் அனுப்பி வரவழைத்து, 'குற்றச்சாட்டுக்குப் பதில் தராததால் ஒப்புக்கொண்டதாகக் கருதி' என்று தொடங்கும் ஒரு தாளைக் கொடுத்தார்கள். வேலை போயிற்று.

"மேலே சொல்லிப் பார்க்கறீங்களா மிஸ்டர்? தாராளமா சொல்லுங்க" என்றார் மேலாளர். "ஆனா நான் அப்படி எழுதினதா எனக்கு ஞாபகம் இல்லை. ஆதாரம் இருந்தா காட்டுங்க." தன் பக்கத்தில் அந்த வரியை அவர் எப்போதோ அழித்துவிட்டார். பத்துநாளாரின் கணக்கையோ அன்று காலையிலேயே நீக்கியாயிற்று.

ஆனால் நீக்கியது எங்கே போகும் என்று பத்துநாளாருக்குத் தெரியாதா? தொட்டிக்கு.

அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் தன் பழைய இடத்துக்கு ஓடினார். அவர் நாற்காலியில் புகாரம்மா உட்கார்ந்திருந்தாள். அந்த வம்பு பிடித்த வேலைக்கு வேறு யாரும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்களாம். குறைந்த சம்பளத்துக்குக் கிடங்கிலிருந்து ஆள் கிடைத்தது மேலாளருக்கு வசதி. சுவரிலிருந்த தாளை அவள் கிழிக்கவில்லை. அது அப்படியே இருந்தது.

"வாங்க சார்" என்றாள். உட்காரச் சொல்லவில்லை.

"அம்மா, ஒரே ஒரு உதவி. என் கணக்கை மட்டும் மீட்டெடுத்துக் குடும்மா. அதுல மேலாளர் எழுதின ஒரு வரி இருக்கு. அதைக் காட்டினா வேலை திரும்பக் கிடைச்சிடும். வீட்டுல அவ உடம்பு உனக்குத் தெரியுமில்ல? கார்டு இல்லைன்னா அவ செத்துப் போயிடுவாம்மா."

"கணக்கை நீக்கிட்டாங்களே சார். போனது போனதுதானே?"

"இல்லம்மா, போகல. தொட்டியில இருக்கும். முப்பது நாள் வரைக்கும் எதுவா இருந்தாலும் அதுல..."

அங்கேதான் அவருக்கு உறைத்தது. பாதி வாக்கியத்தில் நின்றார். தன் வாயாலேயே சொல்லியாயிற்று, இனி விழுங்க முடியாது.

புகாரம்மா கம்ப்யூட்டரை அவர் பக்கமாகத் திருப்பினாள். தொட்டி திறந்திருந்தது. அவர் பெயர்தான் முதல் வரி.

"வந்த அன்னைக்கே பார்த்துட்டேன் சார் இந்தத் தொட்டியை" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "என்னோடது கிடக்குமான்னு தேடினேன். காலம் தாண்டிடுச்சு. உங்ககிட்ட ஒண்ணு மட்டும் கேக்கணும்னு இருந்தேன். நான் இங்கே நின்னு கும்பிட்டேன் பாருங்க, அன்னைக்கு, என் குரூப்பு இதுக்குள்ளே இருந்துச்சா?"

என்ன சொல்வார்? இருந்தது என்றால் இவள் ஏன் உதவவேண்டும்? இல்லை என்றால் இவள் நம்பவா போகிறாள்? கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் அவசரப்படவில்லை. தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தாள், கோப்பையை வைத்தாள், சுவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"பதில் இல்லைன்னா சம்மதம். அப்படித்தானே சார்?"

அவர் பெயரைத் தொட்டாள். 'நிரந்தரமாக நீக்கவா?' என்று கேட்டது கம்ப்யூட்டர். "அம்மா, வேண்டாம்மா!" என்று அவர் கையை நீட்டுவதற்குள் ஆம் என்று அழுத்திவிட்டாள். வரி மறைந்தது. அவள் முகத்தில் சந்தோஷம் ஒன்றும் தெரியவில்லை. வயிற்றில், பழைய தையல் இருந்த இடத்தில், ஒரு கையை வைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

வெளியே தேநீர் இயந்திரத்துக்கு மேலே மதிப்பெண் பச்சையில் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை மனைவியை டயாலிசிஸ் நிலையத்துக்கு அழைத்துப் போனார். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிற மனுஷர் இதை மட்டும் சொல்லவில்லை. ஒருவேளை அட்டை இன்றைக்கு ஒரு நாள் ஓடிவிடும் என்று நப்பாசை. அவள் கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையாமல், அவருடைய பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். நாலு அடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கினாள்.

கவுன்ட்டரில் இருந்த பெண் அட்டையைத் தேய்த்தாள். திருப்பித் தேய்த்தாள்.

"கார்டு ஓடலையே சார். ரத்தாகிடுச்சுன்னு காட்டுது. கார்டு இல்லாதவங்களுக்கு வரிசை தனி. பேர் எழுதிக் குடுத்துட்டுப் போங்க, பத்து நாள்ல கூப்பிடுவாங்க."

"பத்து நாளா?" என்றாள் மனைவி. முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. சிரித்தபடியே அவர் பக்கம் திரும்பினாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அவர் சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, என்னங்க ஆச்சு? பத்து நாள் நான் தாங்கமாட்டேங்க. அந்தப் பொண்ணுகிட்ட ஏதாவது சொல்லுங்களேன்."

பத்துநாளார் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

கவுன்ட்டர் பெண் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் வராததால் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.